மூன்று மெயிலையும் தண்டர்பேர்டில் ஒன்றாக வைக்க வேண்டும், ஜிமெயில் பாஸ்வேர்டை ஏற்கவே மாட்டேன் என்கிறது

மாங்கூழ் கணக்கு, கிருஷ்ணகிரி (திங்கள், இரவு 9.40)

வணக்கம். காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பெயர்தான் கணக்கு, சீசன் வந்துவிட்டால் எடைமேடைச் சீட்டு, லாரி வாடகை, பிரின்டர், கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில்தான். இப்போது பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருப்பதால் இரவு பத்து மணிக்கு முன் வீட்டுக்குப் போக முடிவதில்லை.

எங்கள் ஆலைக்கு மெயில் மூன்று இடத்தில் வருகிறது. முதலாளி 2009இல் தொடங்கிய ஜிமெயில் ஒன்று. ஏற்றுமதி வேலையைப் பார்க்கும் அவருடைய மருமகனின் ஹாட்மெயில் ஒன்று. மூன்றாவது, ஆலைப் பெயரிலேயே டொமைன் வாங்கி ஹோஸ்டிங்கில் போட்டிருக்கும் முகவரி. மூன்றையும் பிரவுசரில் மூன்று டேப்பில் திறந்து வைத்திருப்பேன், ஏதாவது ஒன்று தானாக லாக் அவுட் ஆகிவிடும், எனக்குத் தெரியாது. போன வாரம் துபாய்க்காரர் லேபிளில் ஒரு வரியை மாற்றச் சொல்லி அனுப்பியதை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், அதற்குள் 80 ட்ரம்முக்குப் பழைய லேபிள் ஒட்டியாகிவிட்டது. ட்ரம் ஒன்று 215 கிலோ. உருட்டி உருட்டி லேபிளைச் சுரண்டிய ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதனால் எல்லா மெயிலையும் ஒரே இடத்தில் காட்டும் தண்டர்பேர்டு என்ற மென்பொருளைப் போட்டேன். யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்து ஜிமெயிலைச் சேர்த்தால், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் தவறு என்கிறது. வீடியோவில் 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்' என்பதை ஆன் செய்யச் சொல்கிறார், எங்கள் கணக்கில் அப்படி ஒன்றே இல்லை. ஆலை மெயிலைச் சேர்த்தால் சான்றிதழ் சரியில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. ஹாட்மெயிலை இன்னும் தொடவில்லை. அப்புறம் சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறையில் பாப் வேண்டுமா ஐமேப் வேண்டுமா என்று கேட்கிறது, எதைப் போடுவது? கம்ப்யூட்டர் விண்டோஸ் 7, 4 ஜிபி ராம்.


லேத்து பட்டறை, ஓசூர் (திங்கள், இரவு 10.15)

தம்பி, அந்த வீடியோவை மூடிவிடு. அது செத்துப்போன வழி. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அந்த 'லெஸ் செக்யூர்' வசதியை கூகுள் 2022 மே 30 அன்றே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நீ ஜிமெயிலில் நுழையும் பாஸ்வேர்டைத் தண்டர்பேர்டிலோ வேறு எந்த மெயில் மென்பொருளிலோ நேராகக் கொடுத்தால் கூகுள் ஏற்காது, எழுத்துப் பிழையே இல்லாமல் அடித்தாலும் தவறு என்றுதான் சொல்லும். நிறைய பேர் இங்கேதான் ஏமாந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றி, முதலாளி போனில் இருந்த மெயிலையும் நிறுத்தி வைத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். கணக்கு அமைப்பில் சர்வர் செட்டிங் பக்கத்தில் 'ஆதன்டிகேஷன் மெத்தட்' என்று ஒரு கட்டம் இருக்கும். வீடியோக்காரர் அதில் 'நார்மல் பாஸ்வேர்டு' வைத்திருப்பார். நீ 'ஓஆத் 2' வை. அப்போது கூகுளின் லாகின் ஜன்னல் தனியாகத் திறக்கும், பாஸ்வேர்டை அங்கே கூகுளிடமே கொடுப்பாய், கூகுள் ஓர் அனுமதிச் சீட்டை எழுதித் தண்டர்பேர்டிடம் தரும். பாஸ்வேர்டு மென்பொருளின் கைக்குப் போகவே போகாது. உள்வரும் பக்கம் வைத்தால் போதாது, அனுப்பும் பக்கத்திலும் அதையே வை. மறந்துவிட்டால் மெயில் வரும், போகாது.

ஜிமெயில் தளத்தில் ஐமேப்பை ஆன் செய்யும் பொத்தானையும் தேடாதே, தனிநபர் கணக்குகளில் 2025 ஜனவரியிலிருந்து அது எப்போதும் ஆனில்தான் இருக்கிறது.


மாங்கூழ் கணக்கு (திங்கள், இரவு 10.50)

அண்ணா, ஓஆத் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் திறக்கிறது, ஆனால் வெள்ளையாக நிற்கிறது. மின்சாரம் இல்லாத தியேட்டர் திரை மாதிரி.


லேத்து பட்டறை (திங்கள், இரவு 10.58)

குக்கீயை, அதாவது தளங்கள் நம்மை நினைவில் வைக்க எழுதும் சின்னக் குறிப்பை, யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் பிரைவசி பகுதிக்குப் போ, குக்கீயை ஏற்கும்படி டிக் போடு, தண்டர்பேர்டை மூடித் திற. அந்த லாகின் ஜன்னல் உள்ளுக்குள் ஒரு பிரவுசர்தான், குக்கீ இல்லாமல் நகராது.


தக்காளி மண்டி, பாலக்கோடு (செவ்வாய், காலை 6.20)

மண்டியில் ஏலம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். பாப் வேண்டுமா ஐமேப் வேண்டுமா என்று தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்.

எங்கள் மண்டிக்கும் சொந்த டொமைனில் மெயில் இருந்தது. கம்ப்யூட்டர் விற்ற கடைப் பையன் வந்து பாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நான் விவரமானவன் என்ற நினைப்பில் 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, நிம்மதியாகிவிட்டேன். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்திருக்கிறது, 'அதிகபட்சம் 14 நாள்' என்று. அதிலும் டிக் இருந்தது, நான் போட்டது இல்லை, அது முதலிலிருந்தே அப்படித்தான் வருமாம். ஆக, பதினைந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு மெயிலும் சர்வரிலிருந்து போய்க்கொண்டே இருந்தது, எல்லாம் என் மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. மூன்று வருடம் அப்படியே ஓடியது. ஒரு கோடையில் மின்சாரம் வந்து வந்து போய் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. சர்வரில் போய்ப் பார்த்தால் கடைசி இரண்டு வார மெயில்தான் இருக்கிறது. ஆடிட்டர் கேட்ட பழைய பில்லுக்கெல்லாம் வாங்கினவர்களிடம் ஒவ்வொருவராகப் போன் போட்டு, 'நான் உங்களுக்கு அனுப்பினதை எனக்கே திருப்பி அனுப்புங்கள்' என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

ஐமேப் போடு. மெயில் சர்வரிலேயே இருக்கும், உன் கம்ப்யூட்டரில் தெரிவது அதன் நிழல்.


புளியந்தோப்பு, அரூர் (செவ்வாய், காலை 8.05)

பாலக்கோட்டுத் தம்பி சொன்னது பாதிதான் சரி. நிழல் என்றாரே, அதுதான் ஆபத்தும். ஐமேப்பில் நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அங்கே யாராவது அழித்தால் இங்கேயும் போய்விடும். மூன்று பேர் பார்க்கிற கணக்கு என்றால், முதலாளியின் பேரன் போனில் விளையாடிக்கொண்டே 'செலக்ட் ஆல்' தட்டி அழித்துவிட்டால் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் காணாமல் போகும். ஐமேப்பை பேக்கப் என்று நினைப்பவர்களை நான் நிறைய பார்த்துவிட்டேன்.

நான் பாப் காலத்து ஆள், ஆபீஸில் இருந்தபோது டயல் அப் போட்டு மெயிலை இறக்கிக்கொண்டு உடனே லைனைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்போம். பாப் அதற்காகப் பிறந்தது: வா, எடு, போ. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள், மெதுவான லைன். இன்று ஒரே மெயிலைப் போனிலும் பார்க்கிறோம், வீட்டிலும் பார்க்கிறோம், அதனால் ஐமேப்தான் பொருந்தும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வருடம் முடிந்ததும் பழைய மெயிலைத் தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இடப்பக்கம் கீழே இருக்கிறதே, அதற்குள் பிரதி எடுத்துவிடுங்கள். இழுத்துப் போட்டால் நகர்ந்துவிடும், பிரதி எடுக்க வேண்டும், கவனம். அங்கே போனது சர்வரின் பேச்சைக் கேட்காது. பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, மெயிலும் செட்டிங்கும் இருக்கிற அதன் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம், ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் அதில் ஃபோல்டரைத் திறக்கப் பொத்தான் இருக்கிறது.

ஒரு விஷயம், பென் டிரைவில் எடுத்தால் அது எந்த ஃபார்மேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரில் இருக்கும் மெயில் அத்தனையையும் ஒரே ஃபைலில்தான் எழுதும், என் இன்பாக்ஸ் 5 ஜிபி, நகல் பாதியில் நின்றுவிட்டது, டிரைவ் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.


தக்காளி மண்டி (செவ்வாய், காலை 8.30)

ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பாப் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.


மாங்கூழ் கணக்கு (செவ்வாய், மதியம் 1.10)

குக்கீதான் அண்ணா. எனக்கு முன் இருந்தவர் நிறுத்தி வைத்திருக்கிறார். இப்போது கூகுள் ஜன்னல் வந்தது, பாஸ்வேர்டு கொடுத்தேன், முதலாளி போனுக்கு 'நீங்கள்தானா' என்று கேட்டு ஒரு அறிவிப்பு போயிருக்கிறது. அவர் சந்தூர் பக்கம் தோப்பில் காய் பார்த்துக்கொண்டிருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது. மேட்டில் இருக்கிற கோயில் வரைக்கும் ஏறி 'ஆமாம்' என்று தட்டிவிட்டு வந்தாராம். 'மெயில் பார்க்க நான் மலை ஏற வேண்டுமாடா' என்று ஒரு போன்.

ஜிமெயில் வந்துவிட்டது. ஆனால் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நேற்றையதைப் பார்க்க முடியாமல் 2011 மெயிலெல்லாம் வருகிறது. ஒரே மெயில் இரண்டு மூன்று இடத்தில் தெரிகிறது. சி டிரைவில் மிச்சம் 9 ஜிபிதான் இருக்கிறது, பயமாக இருக்கிறது.


லேத்து பட்டறை (செவ்வாய், மதியம் 1.45)

முதலில் நிறுத்து. ஃபைல் மெனுவில் ஆஃப்லைன் போடு.

ஜிமெயிலில் ஃபோல்டர் என்று ஒன்று உண்மையில் கிடையாது, லேபிள்தான். ஒரு மெயிலுக்கு மூன்று சீட்டு ஒட்டியிருந்தால் ஐமேப் வழியாக வரும்போது அது மூன்று ஃபோல்டரில் மூன்று மெயிலாகத் தெரியும். அதற்கு மேல் 'ஆல் மெயில்' என்று ஒரு பெரிய மூட்டை, அதில் எல்லாமே இன்னொரு தடவை இருக்கும். பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்கில் லேபிள்ஸ் பக்கம் திற, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'ஷோ இன் ஐமேப்' என்று இருக்கும், 'ஆல் மெயில்', 'இம்பார்ட்டன்ட்', 'ஸ்டார்டு' மூன்றிலும் அந்த டிக்கை எடு. மெயில் எதுவும் அழியாது, தண்டர்பேர்டின் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

அடுத்து தண்டர்பேர்டில் அந்தக் கணக்கின் 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கம். எல்லா மெயிலையும் இறக்கு என்று இருப்பதைக் கடைசி 90 நாள் என்று மாற்று. பழைய மெயில்களின் தலைப்பு மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் அப்போது போய் எடுத்து வரும். தோட்டத்துக் காய் அத்தனையையும் வீட்டுக்குள் கொட்ட வேண்டுமா என்ன? இதுவரை இறங்கியதால் அடைபட்ட இடம் திரும்பி வர 'காம்பாக்ட்' கொடு.


பட்டுக்கூடு, தருமபுரி (செவ்வாய், மாலை 4.30)

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10இல் கூடவே வந்த மெயில் ஆப் 2024 டிசம்பர் 31உடன் நின்றுபோனதிலிருந்து இந்த மாதிரி வேலைக்கு வாரத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள். தம்பி சொன்ன சான்றிதழ் பெட்டியைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் 'கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்ஸப்ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். தொல்லை தீர்ந்தால் போதும் என்று எல்லோரும் அதைத் தட்டிவிடுகிறார்கள். தட்டாதே. அது 'இந்த ஆள் யார் என்று தெரியவில்லை, இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிடவா' என்று கேட்கிறது, நீ சரி என்கிறாய். முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படி. இரண்டு காரணம்தான் என்னிடம் அதிகம் வரும்.

ஒன்று, பெயர் பொருந்தாதது. நீ சர்வர் பெயர் என்ற இடத்தில் 'மெயில் டாட்' என்று போட்டு உங்கள் டொமைனை எழுதியிருப்பாய், ஆனால் அந்த ஹோஸ்டிங் இயந்திரத்தில் உங்களைப் போல நூறு பேர் குடியிருப்பார்கள், சான்றிதழ் அந்த இயந்திரத்தின் சொந்தப் பெயரில் இருக்கும். 'வியூ' தட்டினால் அந்தப் பெயர் தெரியும். அது உங்கள் ஹோஸ்டிங்காரருடையதுதானா என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, சர்வர் பெயர் என்ற இடத்தில் அதையே எழுது. பெட்டி வராது.

இரண்டாவது, தேதி. சிரிக்காதே. காரிமங்கலத்திலிருந்து ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார், எந்த மெயிலும் வரவில்லை, எந்தத் தளமும் திறக்கவில்லை, வைரஸ் என்று சொல்லி வேறு ஒரு கடையில் இரண்டு தடவை ஃபார்மேட் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் தேதி 2010 ஜனவரி. மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி செத்திருக்கிறது, கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடுகிறது. 2010இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எல்லாமே 'இன்னும் பிறக்காதது', எதை நம்பும்? கடிகாரக் கடையில் விற்கிற அதே 3 வோல்ட் பேட்டரி, சிஆர் 2032. மாற்றி அனுப்பினேன்.

உன் கம்ப்யூட்டரும் பழசு என்பதால் முதலில் வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்துவிட்டுச் சொல்.


மாங்கூழ் கணக்கு (செவ்வாய், இரவு 9.20)

தேதி சரியாக இருக்கிறது அக்கா. பெயர்தான் பிரச்சினை, நீங்கள் சொன்னபடியே வேறு ஏதோ நீளமான பெயர் இருந்தது. ஹோஸ்டிங்காரருக்குப் போன் செய்தேன், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு 'ஆமாம் எங்கள் சர்வர்தான்' என்றார்கள். மாற்றினேன், பெட்டி போய்விட்டது.

ஆனால் ஆலை மெயில் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நேரம் கடந்துவிட்டது என்கிறது. போர்ட் 25 என்று போட்டிருக்கிறேன், பழைய டைரியில் அப்படித்தான் எழுதியிருந்தது. யூசர் நேமில் அட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டிருக்கிறேன்.


லேத்து பட்டறை (செவ்வாய், இரவு 9.45)

இரண்டுமே தவறு. 25 என்பது ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வரோடு பேசுகிற வாசல், வீட்டு லைனிலிருந்து ஸ்பாம் போகக்கூடாது என்று நிறைய நெட் கம்பெனிகள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. நீ போக வேண்டிய வாசல் 465, அதற்குப் பூட்டு, அதாவது பாதுகாப்பு முறை, எஸ்எஸ்எல் டிஎல்எஸ் என்று தேர்ந்தெடு. அது இல்லை என்றால் 587, ஸ்டார்ட் டிஎல்எஸ். எண்ணை மாற்றிவிட்டுப் பூட்டை மாற்ற மறந்தால், 465இல் ஸ்டார்ட் டிஎல்எஸ் வைத்தால், மறுபடி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே வருவதற்கு ஐமேப் 993.

ஹோஸ்டிங் மெயிலில் யூசர் நேம் என்றால் முழு முகவரி, அட்டும் அதற்குப் பின்னால் இருப்பதும் சேர்த்து. நூறு பேர் குடியிருக்கிற இடம் என்று அக்கா சொன்னாரே, அங்கே போய் 'இன்ஃபோ வந்திருக்கிறேன்' என்றால் எந்த வீட்டு இன்ஃபோ என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?


பரிசல், பென்னாகரம் (செவ்வாய், இரவு 10.10)

எதற்கு இவ்வளவு பாடு? ஹாட்மெயிலையும் ஆலை மெயிலையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டுவிட்டு போன் ஆப்பில் பார்த்தால் முடிந்தது. தண்டர்பேர்டெல்லாம் நம் தாத்தா காலம்.


புளியந்தோப்பு (புதன், காலை 7.50)

தாத்தா நான்தான், சொல்கிறேன் கேளுங்கள். ஃபார்வர்டு போடும்போது துபாய்க்காரர் அனுப்பிய மெயில் உங்கள் ஹோஸ்டிங் சர்வர் வழியாக ஜிமெயிலுக்குப் போகிறது. இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் என ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் சர்வர் துபாய்க்காரரின் பட்டியலில் இருக்காது. கூகுள் சந்தேகப்படும், ஸ்பாமில் தள்ளும். முக்கியமான மெயில்தான் பெரும்பாலும் அப்படிப் போகும், ஏனென்று தெரியவில்லை, ரேஷன் கடையில் நம் முறை வரும்போது பருப்பு தீர்வது மாதிரி. முன்பு ஜிமெயிலே வேறு கணக்குகளுக்குப் போய் பாப் வழியாக எடுத்து வரும் வசதி இருந்தது, அதையும் 2026இல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது.

அதற்கு மேல் வியாபார முறை என்று ஒன்று இருக்கிறது. ஆலை முகவரிக்கு வந்த விசாரணைக்கு முதலாளியின் சொந்த ஜிமெயிலிலிருந்து பதில் போனால், பணம் அனுப்ப வேண்டியவன் இது உண்மையான ஆலைதானா என்று யோசிப்பான். வங்கி விவரத்தை மாற்றச் சொல்லி மோசடி மெயில் வருகிற காலம் இது.


பரிசல் (புதன், காலை 9.00)

சரி தாத்தா. பரிசலைத் திருப்பிவிட்டேன்.


மாங்கூழ் கணக்கு (புதன், மதியம் 2.30)

ஆலை மெயில் போகிறது, வருகிறது. 465 போட்டதும் உடனே போய்விட்டது, மூன்று வருடமாக அந்த டைரியை நம்பிக்கொண்டிருந்தோம்.

ஹாட்மெயிலுக்கு வந்திருக்கிறேன். இதற்கும் ஓஆத்தான் என்று நானே ஊகித்து வைத்தேன், லாகின் ஜன்னல் வந்தது, உள்ளேயும் போனது, ஆனால் அதற்குப் பிறகு சர்வரோடு இணைய முடியவில்லை என்கிறது. சும்மா ஆப் பாஸ்வேர்டு போட்டுப் பார் என்று பக்கத்து கம்பெனிக்காரர் சொல்கிறார்.


லேத்து பட்டறை (புதன், மதியம் 3.00)

அவருக்குப் பழைய நினைப்பு. தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் கணக்குகளில் மென்பொருளுக்குள் பாஸ்வேர்டு கொடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16உடன் முடித்துவிட்டது, ஆப் பாஸ்வேர்டும் அதோடு போனது. ஓஆத் ஒன்றுதான் வழி. ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்து ஜிமெயிலில் இன்னும் செல்லும், ஆனால் பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு உறுதியும் கேட்கும் டூ ஸ்டெப் ஆனில் இருந்தால்தான் அதை எடுக்கவே முடியும், ஓஆத் தெரியாத பழைய மென்பொருளுக்கும் ஸ்கேனருக்கும் அது போதும். யாஹூ வைத்திருப்பவர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

உன் சிக்கல் வேறு. மருமகனின் கணக்கில் ஐமேப் அனுமதி அணைந்திருக்கும். பிரவுசரில் அவுட்லுக் தளத்தில் செட்டிங், மெயில், அங்கே பாப், ஐமேப் பற்றி ஒரு பகுதி இருக்கும், ஆன் செய்து சேமித்துவிட்டு வா. உள்வரும் சர்வர் அவுட்லுக் டாட் ஆபீஸ் 365 டாட் காம், 993. அனுப்புவது எஸ்எம்டிபி ஹைஃபன் மெயில் டாட் அவுட்லுக் டாட் காம், 587, ஸ்டார்ட் டிஎல்எஸ்.

விண்டோஸ் 7 என்றாயே, தண்டர்பேர்டு 115 வரிசைக்கு மேல் அதில் ஏறாது, அப்டேட் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருக்காதே. சீசன் முடிந்ததும் முதலாளியிடம் வேறு கம்ப்யூட்டர் கேள். கேட்கிற நேரம் பார்த்துக் கேள், காய் விலை ஏறின அன்று கேட்காதே.


பட்டுக்கூடு (புதன், மாலை 5.15)

தம்பி, 'எனக்கு முன் இருந்தவர்' என்று எழுதியிருந்தாயே. அவர் இப்போது எங்கே?


மாங்கூழ் கணக்கு (புதன், மாலை 6.40)

வேறு ஒரு கூழ் ஆலைக்குப் போய்விட்டார் அக்கா, பர்கூர் பக்கம். ஏன்?


பட்டுக்கூடு (புதன், மாலை 6.55)

அவர் வீட்டு லேப்டாப்பிலும் போனிலும் உங்கள் முதலாளியின் ஜிமெயில் இன்னும் திறந்திருக்கலாம். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கே அது நினைவில் இருக்காது. ஆனால் உங்கள் துபாய் விலை அவருடைய புது முதலாளியின் மேசையில் தெரிய வேண்டியதில்லை அல்லவா. கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பக்கம் போனால் எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும், தெரியாததை வெளியேற்று. எந்தெந்த மென்பொருளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் தனியாக இருக்கும், அதையும் பார். பிறகு பாஸ்வேர்டை மாற்று, பழைய ஆப் பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் அதுவும் செல்லாமல் போய்விடும். உன் தண்டர்பேர்டும் மறுபடி லாகின் கேட்கும், பதறாதே.

ஆலை மெயிலுக்கும் ஹோஸ்டிங் பக்கத்தில் போய் பாஸ்வேர்டை மாற்று. அங்கே இந்த அனுமதிச் சீட்டு முறையெல்லாம் பெரும்பாலும் இருக்காது, பாஸ்வேர்டு தெரிந்தவன் எல்லாம் உள்ளே வரலாம்.


மாங்கூழ் கணக்கு (வியாழன், இரவு 8.30)

பட்டியலில் ஏழு கருவி இருந்தது அக்கா. மூன்றுதான் எங்களுடையது. முதலாளியிடம் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, பிறகு டீ சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். அவர் மறுபடியும் மலை ஏற வேண்டாம் என்று இந்தத் தடவை ஆபீஸில் உட்கார வைத்தே செய்தேன்.

ஹாட்மெயிலும் வந்துவிட்டது, ஐமேப் அணைந்துதான் இருந்தது. மூன்றும் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன, எதில் வந்தாலும் ஒரே சத்தம்.

புதுசாக ஒரு சிக்கல். திருத்திய லேபிள் டிசைனை டிசைனர் பிடிஎஃப் ஆகக் கொடுத்தார், 21 எம்பி. ஜிமெயிலில் 25 வரைக்கும் போகும் என்கிறார்களே, தண்டர்பேர்டிலிருந்து அனுப்பினால் அளவு அதிகம் என்று திரும்பி வருகிறது.


புளியந்தோப்பு (வியாழன், இரவு 9.10)

மெயிலில் ஃபைல் அப்படியே போவதில்லை, எழுத்தாக மாற்றித்தான் போகும், பேஸ் 64 என்று பெயர். மாற்றும்போது மூன்று பங்கு நான்கு பங்காகிவிடும். உங்கள் 21, வழியில் 28 ஆகிறது. 18 எம்பிக்கு மேல் என்றால் மெயிலில் இணைக்காதீர்கள். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள், இல்லை டிசைனரிடம் பார்ப்பதற்கு மட்டும் சின்ன பிடிஎஃப் ஒன்று கேளுங்கள். லேபிளில் ஒரு வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அச்சுக்குப் போகிற ஃபைல் எதற்கு?


மாங்கூழ் கணக்கு (வெள்ளி, காலை 11.20)

2 எம்பியில் வாங்கி அனுப்பினேன் ஐயா. காலையிலேயே 'ஓகே' என்று பதில் வந்துவிட்டது, வந்த நிமிடத்திலேயே பார்த்தேன். ட்ரம் மேலே புது லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுரண்டிய ஆட்களுக்கு என் கணக்கில் பஜ்ஜி.

கடைசியாக ஒன்று. ஆலை மெயிலில் நான் இங்கிருந்து அனுப்பியது முதலாளி போனில் 'சென்ட்' ஃபோல்டரில் தெரியவில்லை, நான் அனுப்பவே இல்லை என்று நினைத்து அவரும் ஒரு பதில் போட்டுவிட்டார். இது எங்கே மாற்றுவது?


லேத்து பட்டறை (வெள்ளி, காலை 11.45)

அக்கவுன்ட் செட்டிங்கில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்'. அனுப்பியதன் பிரதி லோக்கல் ஃபோல்டரில் போய் விழுந்துகொண்டிருக்கும். அந்த ஆலைக் கணக்கின் சென்ட் ஃபோல்டரையே காட்டிவிடு. இதுவரை அனுப்பியதையும் அங்கே இழுத்துப் போட்டால் அவர் போனில் தெரியும்.


மாங்கூழ் கணக்கு (வெள்ளி, மதியம் 12.05)

தெரிகிறது அண்ணா. 'இத்தனை மெயில் அனுப்பினாயா' என்று கேட்கிறார்.